செ.பா. போட்டவர்கள்

என் மனைவி படித்தது உயிரியல். இலை, வேர், தவளையின் இதயம் என்று அவளுடைய உலகம் எப்போதும் ஈரமாக இருந்தது. அவள் வேலை பார்த்த பள்ளியில் வேதியியல் ஆசிரியர் திடீரென்று விலகிப் போனார். அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பாடத்தையும் அவள் தலையில் கட்டினார்கள். அடுத்தவர் வரவே இல்லை. தான் படிக்காத பாடத்தை முந்தின நாள் படித்து மறுநாள் நடத்துகிற அவதியில்தான் அவள் அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தாள்.

குழு என்றால் கைப்பேசிக்குள் இருக்கிற குழு. எங்கெங்கோ பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வைத்துக்கொண்ட இடம். சொந்தப் பெயரும் பள்ளியின் பெயரும் சொல்லக் கூடாது என்பது விதி. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால், எனக்கு இது புரியவில்லை என்று ஒரு ஆசிரியர் வாய்விட்டு எழுத முடியுமா? ஆகையால் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். குழுவைத் தொடங்கியவர் பெயர் ‘மணி’. வாக்குவாதம் நீண்டால் பள்ளி மணியின் படம் ஒன்றைப் போடுவார், எல்லோரும் கப்சிப். தினமும் ரயிலில் போய்வருகிற கணக்கு வாத்தியார் ஒருவர் ‘ரயில்’. கடைசியாக வந்து சேர்ந்த இளம் ஆசிரியை ‘புதுசு’. அவளுக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தும் அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது.

என் மனைவி ‘கத்தரி’. காரணம் இருந்தது. எந்தப் பாடமானாலும் ஒரே அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பது குழுவின் இன்னொரு விதி. கைப்பேசித் திரையை விரலால் தள்ளாமல் படித்து முடிக்க வேண்டும். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடைவழியில் நடந்துகொண்டே படிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் ஏது நேரம்? பக்கம் பக்கமாக யாராவது எழுதி அனுப்பினால், “கத்தரியிடம் கொடுங்கள்” என்பார்கள். அவள் அதை ஏழெட்டு வரியாக நறுக்கிக் கொடுப்பாள். சதையும் போகாது, உயிரும் போகாது என்று ரயில் ஒருமுறை எழுதியிருந்தார். அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

வீட்டிலும் கத்தரிதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பார்வை சோதிப்பது, சட்டத்துக்கு ஏற்பக் கண்ணாடியை ராவிப் பொருத்துவது. அங்கே நடக்கிற கூத்துகளை நான் சாப்பாட்டு மேசையில் எடுத்துவிட்டால், “இழுக்காதீங்க, கார்டு அளவுல சொல்லுங்க” என்பாள். மகள் உடனே, “அப்பாவை நடுவுல வெட்டும்மா, ரத்தம் வராது” என்று எடுத்துக்கொடுப்பாள்.

செ.பா. என்ற வார்த்தையும் அந்தக் குழுவிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ‘செய்து பார்த்தேன்’ என்பதன் சுருக்கம். ஒருவர் போட்ட அட்டையை இன்னொருவர் தன் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, கீழே செ.பா. என்று எழுதி, எங்கே சறுக்கியது என்று நாலு வார்த்தை சேர்ப்பார். குழுவின் உயிரே அதில்தான் இருந்தது. போகப் போக அந்த நாலு வார்த்தை உதிர்ந்து, வெறும் செ.பா. மட்டும் நின்றது. எங்கள் வீட்டில் அது விளையாட்டாகிவிட்டது. “உப்பு சரியா இருக்கா பாருடி” என்பாள் அடுப்படியிலிருந்து. மகள் கூடத்தில் படுத்தபடியே, “செ.பா.ம்மா” என்று குரல் கொடுப்பாள்.

எங்கள் வீட்டிலிருந்து குழுவுக்குப் போன வார்த்தையும் ஒன்று உண்டு. மகள் சின்னவளாக இருந்தபோது இருமல் மருந்துக்கு வாயைத் திறக்க மாட்டாள். “ஒரே ஒரு துளிதான் கண்ணு” என்று கெஞ்சினால், “துளி வேணாம், துளிக்குஞ்சு” என்பாள். கோழிக்குக் குஞ்சு இருப்பதுபோல் துளிக்கும் ஒரு குஞ்சு. அதிலிருந்து எங்களுக்கு எதிலும் மிகச் சிறிய அளவு துளிக்குஞ்சுதான். என் மனைவி அதை வகுப்பிலும் சொன்னாள், அட்டைகளிலும் எழுதினாள்.

போன வருடம் அவளுக்கு வேறு பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே நிஜமான ஆய்வகம் இருந்தது. முன்பிருந்த பள்ளியில் ஆய்வகம் என்பது உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிய அறை. இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. அமிலம் தின்ற வட்டங்கள் கொண்ட நீளமான மேசைகள் இருந்தன. முதல் நாள் அந்த மேசைகளைக் கையால் தடவிப் பார்த்ததாகச் சொன்னாள். “யாரோ உண்மையாவே ஏதோ செஞ்சிருக்காங்க இங்க” என்றாள்.

அந்தக் காலையில் அவள் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். ஒரு கையில் தலைவாரும் சீப்பு, இன்னொரு கையில் கைப்பேசி.

“என்னங்க, இங்க பாருங்களேன். நம்ம பாப்பா வார்த்தை ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு.”

புதுசு போட்டிருந்த ஒரு அட்டை. ‘வண்ணத் தீ’ என்று தலைப்பு. கிண்ணங்களில் வெவ்வேறு உப்புகளைப் போட்டு, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் எரியுமாம். ‘நிறம் மங்கினால் இன்னும் ஒரு துளிக்குஞ்சு ஊற்றவும்’ என்று முடிந்திருந்தது.

“இது நான் வெட்டுன கார்டுங்க. பாப்பா சின்னப் பள்ளிக்கூடத்துல இருந்தப்ப. எங்கெங்கயோ போய், என் பேரு உதிர்ந்துபோய், வார்த்தை மட்டும் பொழச்சு வந்திருக்கு.”

“ராயல்டி கேளு.”

“கேக்கறேன், கேக்கறேன். கீழ பாத்தீங்களா, எத்தனை செ.பா.! புதுசு, புள்ளைங்க கைதட்டினாங்கன்னு எழுதியிருக்கா.” சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கூந்தலை முடிந்தாள். பிறகு சீப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “வெட்டுனவ நானு. உலகத்துல இதைச் செஞ்சு பாக்காத ஒரே ஆளும் நான்தான். இன்னிக்குச் செஞ்சுடறேன்.”

என்னிடம் அவள் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் அது.

பள்ளி அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் வந்தபோது ஒரு அம்மாள் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். கீழ் வரிக்கு வந்ததும், “தெரியுது, தெரியுது” என்றார். எழுத்தைச் சொல்லவில்லை. நிறையப் பேர் அப்படித்தான். தெரியவில்லை என்று சொன்னால் நாம் வருத்தப்படுவோமோ என்று அவர்களுக்குச் சங்கடம். சரியாகப் பாருங்கள் அம்மா என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது முதலாளி என் தோளைத் தொட்டார்.

நடந்ததைப் பிறகு பிள்ளைகள் சொல்லக் கேட்டேன். நிறம் தெரிய வேண்டும் என்று ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருக்கிறாள். பச்சை, சிவப்பு, ஊதா என்று கிண்ணங்கள் எரிந்திருக்கின்றன. பிள்ளைகள் உண்மையாகவே கைதட்டியிருக்கிறார்கள். அப்புறம் தீ மங்கி, ஒரு கிண்ணம் அணைந்துவிட்டது. பின் பெஞ்சில் இருந்தவர்கள் எங்களுக்குத் தெரியவில்லை என்று கூச்சல் போட, திரையைத் திறந்து எல்லோரையும் கிட்டே வரச் சொல்லிவிட்டு, அணைந்த கிண்ணத்தில் பாட்டிலைச் சாய்த்திருக்கிறாள். அது அணையவே இல்லை. ஸ்பிரிட்டின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலின் வாய்க்குள் தீ ஏறியது.

முன்னால் நின்ற ஒரு மாணவிக்கு முழங்கைவரை காயம். அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த ஒன்றைத்தான் என் மனைவியிடம் நல்ல செய்தியாகச் சொல்ல முடிந்தது.

தீக்காயப் பிரிவில் ஒருவர் மாற்றி ஒருவர்தான் உள்ளே போகலாம். முகமூடியும் தொளதொள அங்கியும் மாட்டிவிடுவார்கள். மகள் போய்விட்டு வெளியே வந்து, “அம்மா ஏதோ எழுதணும்னு சொல்றாங்கப்பா. கடைசி வரி, கடைசி வரின்னு சொல்றாங்க. பேனா குடுத்தா கையைக் காட்டறாங்க” என்றாள். கை எங்கே இருந்தது? கட்டு இருந்தது. நான் போனபோதும் அவள் அதையேதான் சொன்னாள். “கடைசி வரி.” எங்களுக்கு எழுத நினைத்த கடிதத்தின் வரியோ, பிள்ளைகளுக்குச் சொல்ல விட்டுப்போன பாடத்தின் வரியோ என்று நினைத்துக்கொண்டேன். “அப்புறம் சொல்லலாம், தூங்கு” என்றேன். அவள் தலையை ஆட்ட முயன்றாள். வேண்டாம் என்பதற்கா, சரி என்பதற்கா, தெரியவில்லை. மறுநாள் எங்களிடம் அவளை ஒப்படைத்துவிட்டார்கள்.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு குழுவின் ‘மணி’ கூப்பிட்டார். அட்டைகளில் படித்துப் பழகிய ஆளுக்கு இப்படி ஒரு கனத்த குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“சார், என்ன சொல்றதுன்னே தெரியல. கத்தரி எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. குழுவே இடிஞ்சுபோய் உக்காந்திருக்கு.”

“சரிங்க.”

“பள்ளிக்கூடத்துல விசாரணை வெச்சிருக்காங்க இல்ல? இணையத்துல கண்டதையும் பாத்து நடத்தினாங்கன்னு குழுவையே இழுக்கறாங்க. அதனால அந்தக் கார்டு யார்கிட்ட இருந்து வந்ததுன்னு நாங்க தெளிவா எழுதிக் குடுத்துடறோம். புதுசு போட்டது. ஆபத்தான கார்டு. எச்சரிக்கையே இல்லாம போட்டிருக்கா. அந்தப் பொண்ணை எடுத்துடப் போறோம். வர்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஞ்சலிக் கூட்டம், காமிராவுல. நீங்க இருக்கணும். கத்தரி பேர்ல வருஷா வருஷம் நல்ல கார்டுக்கு ஒரு விருது குடுக்கலாம்னு எல்லாரும் பிரியப்படறாங்க.”

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த அழுகையில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு இன்னொரு போன் வந்தது. கண்ணாடி ராவுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

“சார், நான்தான்… புதுசு.”

சின்னக் குரல். பின்னால் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன.

“சொல்லும்மா.”

“நீங்க என்னைத் திட்டணும் சார். நல்லாத் திட்டிட்டீங்கன்னா எனக்குக் கொஞ்சம் தேவலாம்.”

“எனக்குத் திட்ட வராதும்மா. பஸ்ஸு சத்தமா இருக்கே, ஸ்கூல் இல்லையா?”

“உள்ள விட மாட்டேங்கறாங்க சார். கார்டு போட்டது நான்தான்னு எப்படியோ எங்க ஸ்கூலுக்குத் தெரிஞ்சுபோச்சு. விசாரணை முடியட்டும்னு சொல்லிட்டாங்க. வீட்ல அம்மாவுக்குத் தெரியாது. காலையில பையை மாட்டிட்டுக் கெளம்பி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். ஸ்கூல் விடற நேரம் பாத்து வீட்டுக்குப் போறேன். அம்மா சாப்பாடு கட்டிக் குடுக்கறாங்க. அதையும் இங்கயே…” குரல் உடைந்தது. “சார், ஒண்ணு சொல்லணும். நான் அதைச் செஞ்சே பாக்கல.”

“எதை?”

“அந்தத் தீயை. எங்க ஸ்கூல்ல தீப்பெட்டிகூட எடுத்துட்டுப் போக முடியாது. யாரோ அனுப்பின கார்டு. கீழ அத்தனை பேர் செ.பா. போட்டிருந்தாங்க. நான் ஒருத்தி மட்டும் போடலைன்னா, இவளுக்கு ஒண்ணும் செய்யத் தெரியாதுன்னு நெனப்பாங்களோன்னு…”

“கைதட்டினாங்கன்னு எழுதியிருந்தியேம்மா?”

“அது வேற பாடத்துக்கு சார். அன்னிக்கு நெஜமாவே தட்டினாங்க. அந்தச் சந்தோஷத்துல இதுலயும் எழுதிட்டேன்.”

அவளே மேலே பேசினாள்.

“ஆனா அதுல இருந்து நான் எதையும் எடுக்கல சார். சத்தியமா. எச்சரிக்கையை எடுத்துட்டேன்னு சொல்றாங்க. எனக்கு வந்ததை அப்படியேதான் போட்டேன். துளிக்குஞ்சுன்னா என்னன்னுகூட எனக்குத் தெரியாது. ஏதோ லேப்ல இருக்கற சாமான்னு நெனச்சேன்.”

எடுக்கவில்லை என்று அவள் சொன்ன இடத்தில்தான் எனக்குள் அது திறந்தது.

பழைய வாடகை வீடு. அந்த வீட்டு அடுப்படியில் ஒரே ஒரு நாற்காலிதான் நுழையும். அதில் அவள் உட்கார்ந்து, யாரோ அனுப்பிய நீண்ட கட்டுரையை வாய்விட்டுப் படிக்கிறாள். நான் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். வெட்டுகிறபோது அவளுக்கு ஒரு ஆள் கிட்டே இருக்க வேண்டும். அவள் கேட்பது கருத்தை அல்ல, காதை. “எல்லாம் உக்காந்துடுச்சு, இந்தக் கடைசி வரிதான் இடிக்குது” என்கிறாள். படிக்கிறாள்: தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும் அணைந்திருக்காது, ஒருமுறை ஊற்றியதும் பாட்டிலை மூடி வேறு அறையில் வைத்துவிட வேண்டும், கிண்ணம் ஆறாமல் மீண்டும் ஊற்றக் கூடாது. “இது திரைக்கு வெளிய போகுதே. கெமிஸ்ட்ரி டீச்சருங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?” விரல் ஒருமுறை அசைகிறது. வரி போய்விட்டது. அவளோ வேதியியல் படித்தவளே இல்லை. அவளிடம் ஆய்வகமும் இல்லை.

அந்த வருடங்களில் அவள் வெட்டிய எத்தனையோ அட்டைகளில் ஒன்று. மறந்திருப்பாள். திரும்பி வந்தபோது தன் வார்த்தையை அடையாளம் கண்டுகொண்டாள், தான் எடுத்த வரியை அல்ல. இருக்கிற வார்த்தையைத்தானே கண் பார்க்கும். கீழே வரிசையாக நின்ற செ.பா.க்கள் அவளுக்குத் தைரியம் சொல்லின. தான் செய்து பார்க்காததை ஊரே செய்து பார்த்துவிட்டது என்று நம்பிப் போனாள். தீக்காயப் பிரிவில் கிடந்தபோதுதான் அந்த வரி அவளுக்கு நினைவு வந்திருக்கிறது.

“சார், இருக்கீங்களா?” என்றாள் புதுசு.

“இருக்கேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாம்மா.”

“அங்க என்னை…”

“வா.”

வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் ரவிக்கைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

“ஆக, தப்பு அம்மாவோடதுன்னு போய்ச் சொல்லப் போறீங்க.”

“நடந்ததைச் சொல்லப் போறேன்.”

“யாருக்கு? முகம் தெரியாத அம்பது பேருக்கா? அம்மா பேர்ல விருது குடுக்கறேன்னு சொல்றாங்கப்பா. விசாரணையில இது போச்சுன்னா, கவனம் இல்லாத டீச்சர்னு எழுதுவாங்க. கை வெந்துபோன அந்தப் பொண்ணோட அப்பா நம்ம வாசல்ல வந்து நிப்பாரு. செத்தவங்க திரும்பி வந்து பதில் சொல்ல மாட்டாங்கன்னுதானே எல்லாப் பழியையும் அவங்க மேல போடறது?”

“பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடறா.”

“அவ பொய் சொன்னா இல்ல? செஞ்சு பாத்தேன்னு பொய் எழுதினா இல்ல? அந்தப் பொய்யை நம்பித்தானே அம்மா போனாங்க?”

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

“அந்தப் பொய்யை அவ சொல்லட்டும். அம்மா எடுத்த வரியையும் சேத்து அவ ஏன் சுமக்கணும்?” என்றேன். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததையும் சொன்னேன். “ஆஸ்பத்திரியில அம்மா நமக்கு லெட்டர் எழுதணும்னு கேக்கலைம்மா. அந்தக் கார்டோட கடைசி வரியைத்தான் சொன்னா. அதைச் சொல்லிடணும்னு சொன்னா. நமக்குத்தான் புரியல.”

மடித்த ரவிக்கையை அவள் பிரித்தாள். மறுபடி மடித்தாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். மகள் வரவில்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒருவருக்குப் பின்னால் துணிக்கொடி, ஒருவருக்குப் பின்னால் குளிர்பதனப் பெட்டி, ஒருவர் படுக்கையில் சாய்ந்தபடி. இத்தனை வருடம் என் வீட்டு அடுப்படியில் கேட்ட பெயர்களுக்கெல்லாம் முகம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கட்டம் மட்டும் கறுப்பு. அதில் ‘புதுசு’ என்ற பெயர் மட்டும்.

மணி என்பவர் நரைத்த மீசை வைத்த ஒல்லி மனிதர். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. மௌன அஞ்சலி என்றார். யாரோ ஒலியை நிறுத்த மறந்து, மௌனத்தின் நடுவே குக்கர் விசில் அடித்தது. என் மனைவி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பிறகு அவர் தீர்மானத்தை வாசித்தார். ஆபத்தான அட்டை புதுசு என்ற உறுப்பினரிடமிருந்து வந்தது. அவரைக் குழுவிலிருந்து நீக்குகிறோம். இதை விசாரணைக் குழுவுக்கும் தெரிவிக்கிறோம்.

நான் பேசினேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி பேசினேன்.

“சார், உங்க மைக் ஆஃப்ல இருக்கு” என்றார் ரயில். அன்றைக்கு அவர் ரயிலில் இல்லை. ஏதோ ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்தேன்.

“அந்தக் கார்டை வெட்டினது என் மனைவி” என்றேன். “அதுல இருக்கற துளிக்குஞ்சுங்கற வார்த்தை எங்க வீட்டு வார்த்தை. என் மக கொழந்தையா இருந்தப்ப சொன்னது. வேற எங்கயும் கெடையாது. கடைசியா ஒரு வரி இருந்துச்சு. தீ அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அணைஞ்சிருக்காதுன்னு. திரைக்கு வெளிய போகுதுன்னு அதை எடுத்தா. எடுக்கும்போது நான் பக்கத்துல நின்னேன். புதுசு எதையும் எடுக்கல. அவ கைக்கு வர்றதுக்கு முன்னாலயே அந்த வரி இல்ல.”

மணி கனைத்துக்கொண்டார்.

“சார், நீங்க துக்கத்துல இருக்கீங்க. இதெல்லாம் இப்ப…”

“நான் துக்கத்துலதான் இருக்கேன். அதனால சொன்னது இல்லன்னு ஆயிடாது.”

கறுப்புக் கட்டத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “நான் செஞ்சு பாக்காமதான் செ.பா. போட்டேன்” என்றாள் புதுசு. “அது என் தப்பு. அதுக்கு என்னை எடுத்துடுங்க. பரவாயில்ல.”

“எடுக்கறதுன்னா என்னையும் எடுக்கணும்” என்றார் ரயில். மாடிப்படியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். “நானும் அந்தக் கார்டுக்கு செ.பா. போட்டிருக்கேன். நான் கணக்கு வாத்தியார். நான் எங்க போய்த் தீயைப் பத்தவெக்கறது? ரயில்ல போர் அடிச்சா வர்ற கார்டுக்கெல்லாம் போட்டுட்டே வருவேன். கத்தரிக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு ஆரம்பிச்சதுதான். இங்க இருக்கறவங்கள்ல இதை நெஜமா செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? ஒருத்தர்? கையைத் தூக்குங்க, பாக்கறேன்.”

கட்டங்களைப் பார்த்தேன். ஒரு கைகூட எழவில்லை. படுக்கையில் சாய்ந்திருந்தவர் காமிராவை அணைத்தார். துணிக்கொடி மறைந்தது. குளிர்பதனப் பெட்டி மறைந்தது. ஒவ்வொன்றாகக் கட்டங்கள் கறுத்து, புதுசின் கட்டம் எது என்றே தெரியாமல் போனது. அப்போது ஓரத்தில் பள்ளி மணியின் படம் வந்து விழுந்தது. கூட்டம் முடிந்தது.

விசாரணைக் குழுவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். மகள் பயந்தது போலவே நடந்தது. ஆசிரியையின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். வேதியியல் படிக்காதவளுக்கு வேதியியலைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, அது இந்த விசாரணையின் எல்லைக்குள் வராது என்றார்கள். விருதைப் பற்றிய பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. காயம்பட்ட பெண்ணின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார். திட்டவில்லை. “அவ இன்னும் டீச்சரைத்தான் கேட்டுட்டு இருக்கா சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

புதுசைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் தீ, அமிலம், கண்ணாடி எதையும் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாள். வண்ணச் சாக்குக்கட்டியால் கரும்பலகையில் தீயை வரைகிறாளாம். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களாம்.

மகள் தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு இருக்கு. சாவி எங்க. மழை வருது.

பழைய அட்டை இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது, கத்தரியின் கணக்கிலிருந்தே முழு அட்டையையும் போட்டுவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் நம்புவார்கள் என்று ரயில் கேட்டார். ஒரு மாலையில், மகள் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, மனைவியின் கைப்பேசியை எடுத்தேன். அவள் வெட்டிய எல்லா வரிகளையும் அவள் எழுதியபடியே எழுதி, கீழே அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன். அது திரைக்கு வெளியே போனது. விரலால் தள்ளினால்தான் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, அனுப்பினேன்.

கைப்பேசியை மேசையில் வைப்பதற்குள் அது அதிர்ந்தது. யாரோ புதிய ஆள். பெயர்கூட எனக்குப் பழக்கமில்லை.

‘செ.பா.’

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். மகள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கைப்பேசியை வாங்கினாள். படித்தாள். நின்றபடியே எதையோ தட்டி அனுப்பினாள். எட்டிப் பார்த்தேன். அம்மாவின் பெயரில், கத்தரி என்ற பெயரில், அந்த செ.பா.வுக்குக் கீழே எழுதியிருந்தாள்.

‘எப்போது? எந்த வகுப்பில்?’

இருவரும் காத்திருந்தோம். அந்தப் பக்கம் யாரோ எழுதுவதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. பிறகு அந்த இரண்டு எழுத்தும் அழிந்துபோயின.

மகள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டாணித் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“இது ஒண்ணு போச்சு” என்றாள். “வெளிய சுத்திட்டு இருக்கறதையெல்லாம் யாருப்பா கேக்கறது?”